சத்தம் போட்டவரும் சிரித்துப் பேசியவரும்: ஒரு கணக்குப் பிரிவின் நிகழ்வு ஆய்வு

ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், ஓராண்டுக்குள் இரண்டு இளநிலைக் கணக்கர்கள் வேலையை விட்டுச் சென்றார்கள்; மூன்றாமவர் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். மனிதவளத் துறை மூவரிடமும் பேசியபோது மூவரும் கை காட்டியது ஒருவரைத்தான்: அப்பிரிவின் முதுநிலைக் கணக்கர். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறார், அவரோடு இனி வேலை செய்ய முடியாது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளருக்குத் தீர்வும் கண்ணெதிரே இருப்பதாகவே தோன்றியது; அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் சொன்னார்கள். மாற்றல் ஆணையை எழுதாமல் சில வாரங்கள் பொறுத்ததால் தெரியவந்தவையே இந்த ஆய்வின் பொருள்.

இது ஒரே ஓர் அலுவலகத்தின் வரலாறு அன்று. பல பணியிடங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் நடத்தைகளைக் கணக்குப் பிரிவு ஒன்றின் அன்றாட வேலைக்குள் பொருத்தி அமைத்த மாதிரி நிகழ்வு. ஆகவே மாந்தர்கள் பதவிகளால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பிரிவும் வேலையும்

சரக்கு கொடுத்தவர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது இப்பிரிவின் முக்கிய வேலை. கொள்முதல் ஆணை, கிடங்கில் சரக்கு வந்து சேர்ந்ததற்கான வரவுச் சீட்டு, சரக்கு அனுப்பியவரின் பில் ஆகிய மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போனால்தான் பில் கணக்கில் ஏறும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் நிலுவையில் நிற்கும். அந்த மாதத்துப் பில்களை அந்த மாதக் கணக்கிலேயே காட்டியாக வேண்டும் என்பதால், முதல் மூன்று வாரங்கள் சாதாரணமாக ஓடும் வேலை நான்காம் வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். கொள்முதல் துறைக்கும் கிடங்குக்கும் கணக்குப் பிரிவுக்கும் நடுவில் காகிதங்களை நகர்த்துவதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார்.

முதுநிலைக் கணக்கர் தொழில் தெரிந்தவர். பிழையுள்ள பில் அவர் மேசையைத் தாண்டிப் போவது அரிது. பிழையைக் கண்டால் எழுந்து செல்லாமல், இருந்த இடத்திலிருந்தே, "இதைக்கூடப் பார்க்காம அனுப்பினா எப்படி? கண்ணை எங்க வச்சிருக்கீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். ஒருங்கிணைப்பாளர் இதற்கு நேர் மாறானவர். யார் எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு "நான் பார்த்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்பார். முதுநிலைக் கணக்கரிடம் திட்டு வாங்கியவர்கள் ஆறுதலுக்குப் போய் நிற்கும் மேசையும் அவருடையதுதான். பில் தொடர்பான சந்தேகங்களையும் அவரிடமே கேட்டார்கள். விடை தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தும் அவரிடம் போகவில்லை. டிசியானா காசியாரோவும் மிகெல் சோசா லோபோவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. யாரோடு வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் திறமைசாலியோடு என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் வேலை என்று வரும்போது, பழக இனியவர் யாரோ அவரிடம்தான் போகிறார்கள், அவருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தாலும்.

பதிவு

மாற்றல் ஆணைக்கு முன் ஆறு வாரம் நடப்பவற்றை எழுதிப் பார்ப்போம் என்று மனிதவள அதிகாரி கேட்டுக்கொண்டார். படிவத்தில் மூன்றே கேள்விகள்: எந்தச் சூழலில் நடந்தது, சரியாக என்ன சொல்லப்பட்டது அல்லது செய்யப்பட்டது, அதனால் வேலையில் என்ன ஆயிற்று. சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்னும் பயிற்சி நிறுவனம் பின்னூட்டம் சொல்வதற்காக உருவாக்கிய சூழல், நடத்தை, தாக்கம் என்ற வரிசையை அடியொற்றியது இது. படிவம் அனைவருக்கும் தரப்பட்டது, முதுநிலைக் கணக்கருக்கும் சேர்த்து. அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி மட்டும் குறிப்பெடுத்திருந்தால் அது வேவு பார்ப்பதாகியிருக்கும். பின்னால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

முதல் வாரத்துப் படிவங்கள் பயன்படவில்லை. "திமிராக நடந்துகொண்டார்", "வேண்டுமென்றே அவமானப்படுத்தினார்", "வழக்கம்போல" என்ற சொற்களே நிறைந்திருந்தன. அதிகாரி ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்து, திமிர் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஓர் இளநிலைக் கணக்கர் யோசித்து மாற்றி எழுதிய வரி இது: "நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கணினிப் பக்கம் திரும்பிவிட்டார், நான் பாதியில் நிறுத்திவிட்டேன், வரிப் பிடித்தம் எவ்வளவு என்பதைக் கேட்காமலே பில்லை ஏற்றினேன்." திமிர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வரியை வைத்துக்கொண்டு செய்யலாம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில் பிடிக்காத சக ஊழியரையெல்லாம் நார்சிசிஸ்ட் (தற்காதல் மிகுந்தவர்) என்றும் மனநோயாளி என்றும் சொல்வது சாதாரணமாகிவிட்டது. டெல்ராய் பால்ஹஸும் கெவின் வில்லியம்ஸும் 2002-இல் தற்காதல், சூழ்ச்சி மனப்பான்மை, இரக்கமின்மையோடு கூடிய உளப்பிறழ்வு ஆகிய மூன்றையும் இருண்ட மும்மை என்று தொகுத்தது உண்மைதான். ஆனால் அது வினாத்தாள்கள் கொண்டு அளந்து பேசிய ஆளுமை ஆய்வு. பக்கத்து நாற்காலியில் இருந்தபடி ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்டும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. தவிரவும், பெயர் சூட்டியவுடன் "அவர் அப்படித்தான்" என்று கை கழுவிவிடத் தோன்றும். நாளைக் காலை அவரோடு உட்கார்ந்து எந்த வேலையை எப்படி முடிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எழுத்தில் தெரிந்தவை

ஆறு வாரத்தில் அதிகமான படிவங்களை நிரப்பியவர் முதுநிலைக் கணக்கர்தான். யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் எழுதியவற்றில் மனிதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் பில்களைப் பற்றியவை. எந்தத் தேதியிட்ட பில் எந்தத் தேதியில் தன் கைக்கு வந்தது, எதில் வரவுச் சீட்டு இல்லை, எதில் விலை மாறியிருந்தது என்ற விவரங்கள். மற்றவர்கள் எழுதியவற்றை அவற்றோடு தேதிவாரியாகச் சேர்த்து வைத்ததும், அவர் குரல் உயர்ந்த நாள்கள் மாதம் முழுவதும் பரவியிருக்கவில்லை என்பது தெரிந்தது. பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நான்கைந்து நாள்களில், பழைய தேதியிட்ட பில்கள் கட்டாக வந்து விழுந்த பொழுதுகளில் நிகழ்ந்தவை.

கூடத்தில் இருந்தவர்கள் கண்டது கோபத்தை. கோபத்துக்கு முன் வந்து விழுந்த கட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. பிறர் செய்கைக்குக் காரணம் தேடும்போது சூழலை விட்டுவிட்டுக் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்த மனப்போக்கை உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் அடிப்படைக் காரணப் பிழை என்று அழைத்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1967-இல், எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் செய்த சோதனையில், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதும்படி ஒருவர் பணிக்கப்பட்டே எழுதினார் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தும், படித்தவர்கள் அதை எழுதியவரின் சொந்தக் கருத்தாகவே ஓரளவுக்கு எடுத்துக்கொண்டார்கள். சூழல் தெரிந்திருந்தும் இப்படி என்றால், தெரியாதவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இதைச் சொன்னவுடன் முதுநிலைக் கணக்கரை நிரபராதியாக்கிவிடும் ஆசை எழும். மேலாளருக்கும் எழுந்தது. அதைத் தடுத்தது ஒரு படிவம். சரக்கு கொடுத்த ஒருவரின் பில் எண் 0417 என்று ஒருமுறையும், முன்னிருந்த சுழியம் விடுபட்டு 417 என்று இன்னொரு முறையும் கணினியில் ஏறியிருந்தது. மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு பில்கள். தொகையும் தேதியும் ஒன்றாக இருப்பதைக் கண்ட இளநிலைக் கணக்கருக்குச் சந்தேகம் வந்தது. முதுநிலைக் கணக்கரின் மேசை வரை எழுந்து போனார். அவர் தொலைபேசியில் யாரையோ கடிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டையும் ஏற்றினார். பணம் இருமுறை போயிற்று.

கடுஞ்சொல் மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. அரியே ரிஸ்கின் தலைமையில் 2015-இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களுக்கு ஒரு பாவனைப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியைக் கவனிக்கும் வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகப்படுத்தப்பட்டவர் சில குழுக்களிடம் மட்டும் அவர்களை மட்டம் தட்டும்படியான சில வார்த்தைகளைச் சொன்னார். அதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை நடைமுறைகளிலும் மற்றக் குழுக்களைவிடப் பின்தங்கின. ஒருவரோடு ஒருவர் தகவல் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்தது அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. மேசை வரை போய்த் திரும்பிய அந்த இளநிலைக் கணக்கர் செய்ததும் அதுவே. ஏமி எட்மண்ட்சன் 1996-இல் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள பிரிவுகளில் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. அங்கே பிழை கூடுதலாக நடந்ததால் என்பதைவிட, பயமில்லாமல் வெளியே சொல்ல முடிந்ததால் என்றே அவர் அதை விளக்கினார். இந்தக் கணக்குப் பிரிவில் பிழைகளைப் பற்றி யாரும் பேசாமல் இருந்ததை நிர்வாகம் நெடுநாள் ஒழுங்கு என்று எண்ணிக்கொண்டிருந்தது.

ஒருங்கிணைப்பாளரைப் பற்றி ஒரே ஒரு குறைகூட எழுதப்படவில்லை. ஆனால் மூன்றாவது கேள்விக்கான விடைகளை மட்டும் தனியே எடுத்து அடுக்கியபோது, நிலுவையில் நின்ற பில்களில் பாதிக்கு மேல் அவர் மேசை வழியாக வந்தவை என்று தெரிந்தது. ஒரு பில்லை மட்டும் முழுவதும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆணை 200 பெட்டிகளுக்கு, கிடங்குக்கு வந்தவை 188, பில்லோ 200-க்கு. சரக்கு கொடுத்தவரை அழைத்து, குறைந்த 12 பெட்டிகளுக்கு டெபிட் நோட் (அவற்றின் விலையைக் கழிக்கும் சீட்டு) போடப்போகிறோம் என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் வேலை. மனம் கசக்கும்படியான அந்த ஓர் அழைப்பை அவர் செய்யவில்லை. கொள்முதல் துறை கேட்டபோது, "கணக்குல நிறுத்தி வச்சிருக்காங்க, அவரைப் பத்தித்தான் உங்களுக்கே தெரியுமே" என்றார். கணக்குப் பிரிவு கேட்டபோது, "கொள்முதல்ல இன்னும் கையெழுத்துப் போடலை, நான் பார்த்துக்கறேன்" என்றார். பில் மூன்று வாரம் அவருடைய தட்டிலேயே கிடந்தது. மாதக் கடைசியில் கட்டோடு கட்டாக முதுநிலைக் கணக்கரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கத்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

வில் ஃபெல்ப்ஸும் அவரோடு எழுதிய இருவரும் 2006-இல், ஒரு குழுவைக் கெடுக்கும் உறுப்பினர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: தன் பங்கு உழைப்பைத் தராதவர், எப்போதும் கசப்பை வெளிப்படுத்துபவர், பழகும் முறையின் வரம்பை மீறுபவர். பின்னிரண்டையும் காதால் கேட்டுவிடலாம். முதலாவதைக் கேட்க முடியாது. இனிய பேச்சும் சேர்ந்துகொண்டால் தேதிகளை அடுக்கிப் பார்த்தாலொழிய அது தெரியாது.

துன்புறுத்தலா, கடுமையா

மேலாளர் எந்த நடவடிக்கைக்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: இது பழகக் கடினமான மனிதரின் நடத்தையா, துன்புறுத்தலா? பணியிடத்தில் ஒருவரைக் கூட்டாகக் குறிவைத்து வதைப்பதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஹெய்ன்ஸ் லேமன், வாரம் ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்வது என்று ஓர் அளவுகோலை வைத்தார். ஆய்வுக்கு அது தேவையான வரையறை. நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்டு 2021-இல் நடைமுறைக்கு வந்த 190-ஆம் உடன்படிக்கை, உடலுக்கோ மனத்துக்கோ பொருளாதார நிலைக்கோ தீங்கு விளைக்கும், அல்லது விளைக்கக்கூடிய ஏற்கத்தகாத நடத்தை ஒரே ஒரு முறை நிகழ்ந்தாலும் அது வன்முறையும் துன்புறுத்தலும் என்ற வரையறைக்குள் வரும் என்கிறது.

படிவங்களில் மிரட்டல் இல்லை. பாலியல் சீண்டல், பிறப்பையோ உடலையோ சுட்டிய இழிசொல், ஒருவரை மட்டும் தேடித் தேடிக் குறிவைத்தது ஆகியவையும் இல்லை. திட்டு எல்லோருக்கும் விழுந்தது, மேலாளருக்கும் ஒருமுறை. அதனால் பேச்சின் மூலம் தீர்க்க முயலலாம் என்று முடிவாயிற்று. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும், இனி இங்கே சொல்லப்படும் எந்த முறையும் பொருந்தாது. பாதிக்கப்பட்டவரை எதிராளியோடு சமரசம் பேச உட்கார வைப்பது அவரை இரண்டாம் முறை காயப்படுத்துவதாகவே முடியும். அங்கே செய்ய வேண்டியது முறையான புகார், விசாரணை, அதுவரை பாதுகாப்பு.

முதுநிலைக் கணக்கரோடு

மேலாளரின் முதல் முயற்சி தோற்றது. இரு தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னார். பேசவில்லை, அவரவர் பக்கம் சாட்சி சேர்த்தார்கள். ஆஸ்திரியரான ஃபிரீட்ரிஷ் கிளாஸல் பிணக்கு முற்றும் விதத்தை ஒன்பது படிகளாக வகுத்திருக்கிறார். முதல் மூன்றில் இரு தரப்பும் வெல்ல வழியுண்டு. நான்காவது படியில் ஆள் சேர்ப்பும் எதிராளியின் பெயரைக் கெடுப்பதும் தொடங்கிவிடும். இப்பிரிவு அந்தப் படியில் நின்றது. அந்த நிலையில் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குச் சமம்.

அடுத்து, முதுநிலைக் கணக்கரைத் தனியே அழைத்து, கொஞ்சம் தன்மையாகப் பேசினால் நன்றாக இருக்கும் என்றார் மேலாளர். "அப்ப தப்பு தப்பா ஏத்தட்டும், நான் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கணும்னு சொல்றீங்களா சார்?" என்று பதில் வந்தது. அதற்கு மேலாளரிடம் விடை இல்லை. தன்மை என்பது அவருக்குத் தளர்ச்சி என்றே பட்டது. பிழையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறார்கள் என்றே அவர் புரிந்துகொண்டார்.

மூன்றாம் முறை மேலாளர் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. 0417 பில்லையும் 417 பில்லையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இந்தப் பிழையை ஒருவர் முன்கூட்டியே கண்டார், உங்களிடம் கேட்க எழுந்தும் வந்தார், நீங்கள் தொலைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கேட்காமல் திரும்பிவிட்டார் என்று நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினார். முதுநிலைக் கணக்கர் இரண்டு தாள்களையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். அந்தப் பிள்ளை யார் என்று கேட்டார், பெயர் சொல்லப்படவில்லை. பிறகு அவராகவே, "எங்கிட்ட வந்திருந்தா ஒரு நிமிஷ வேலை" என்றார். வர முடியாமல் போனது ஏன் என்பதுதான் பேச்சு என்று மேலாளர் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

அன்று முடிவானவை சிறிய விஷயங்கள். பிழைகளைக் கூடத்தில் உரக்கச் சொல்லாமல் பொதுவான எக்செல் தாளில் அந்தந்த வரிக்கு எதிரே எழுதுவது. தினமும் பிற்பகலில் அரைமணி நேரம் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று ஒதுக்குவது. மாதக் கடைசியில் அவருக்கு வரும் பில்கள் எவ்வளவு தாமதமாக வருகின்றன என்பதற்குப் பொறுப்பேற்பது மேலாளரின் வேலை என்று ஒப்புக்கொள்வது. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இளையவர்களில் இருவர் கருதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பலர் முன்னிலையில் கட்டாயத்தின்பேரில் கேட்கும் மன்னிப்பு, கேட்பவருக்கு வன்மத்தையும் அதைப் பெறுபவருக்குப் பயத்தையும் மட்டுமே மிச்சம் வைக்கும் என்பது என் கணிப்பு.

இத்தனை ஆண்டுகள் யாரும் அவரிடம் இதைப் பேசாததற்குக் காரணம் ஊகிக்கக் கடினமானதன்று: வேலையை முடித்துக் கொடுப்பவர். மைக்கேல் ஹௌஸ்மனும் டிலன் மைனரும் 2015-இல், 11 நிறுவனங்களைச் சேர்ந்த 50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். துன்புறுத்தல், மோசடி போன்ற கடும் விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டவர்கள் சராசரி ஊழியரைவிட வேகமாக வேலை செய்தவர்களாகவே இருந்தார்கள். அத்தகைய ஒருவரை வேலைக்கு எடுக்காமல் தவிர்ப்பதால் மிச்சமாகும் தொகை, மிகச் சிறந்த ஒரு சதவீதத்தில் ஒருவரை எடுப்பதால் கிடைக்கும் ஆதாயத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். நம் முதுநிலைக் கணக்கர் அந்த வகையினர் அல்லர். வேகமாக முடிப்பவரிடம் நிர்வாகம் வாயைத் திறக்காத பழக்கம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

ஒருங்கிணைப்பாளரோடு

இது அதைவிடக் கடினமாக இருந்தது. கோபக்காரரிடம் அவர் சொன்ன சொல்லையே எடுத்துக் காட்டலாம். ஒருங்கிணைப்பாளர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலாளர் பேச்சை எடுத்ததும் கண் கலங்கி, "நான் யார் மனசையாவது நோகடிச்சிருக்கேனா சார்? எல்லாருக்கும் நல்லதுதானே செய்யறேன்" என்றார். எண்ணத்தைப் பற்றிய வாதத்தில் இறங்கினால் மேலாளர்தான் தோற்பார். ஒருவருடைய எண்ணத்தை அவரைத் தவிர யாரால் நிரூபிக்க முடியும்? ஆகவே அந்த 200 பெட்டிப் பில்லின் தேதிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டி, எந்த நாளில் எந்தக் காரணத்தால் இது நின்றது என்று கேட்டார்.

விடை மெல்ல வந்தது. சரக்கு கொடுத்தவரோடு பேசி பில் தொகையைக் குறைக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக யாரும் சொன்னதில்லை என்றார். அது உண்மை. மூன்று துறைகளுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு இருந்தது. எந்தத் துறைக்கும் ஆணையிடும் அதிகாரம் இல்லை. முடியாது என்று சொல்லக் கூசுபவர்களை இத்தகைய இருக்கையில் உட்கார வைத்தால் அவர்கள் நாள் கடத்தவே செய்வார்கள். இந்தப் பாதிக்கு நிறுவனமே பொறுப்பு. மறு பாதி அப்படியன்று. கொள்முதலிடம் ஒன்றும் கணக்கிடம் வேறொன்றும் சொன்னது அதிகாரமின்மையால் நேர்ந்ததில்லை. அது அவராகத் தேர்ந்துகொண்டது. அதை மேலாளர் நேராகவே சொன்னார், குரலை உயர்த்தாமல், இரு துறைக்கும் அவர் தந்த பதில்களை எடுத்துக் காட்டி.

அதன்பின் மாறியவை நடைமுறைகள். நிலுவைப் பில்கள் அனைத்தும் மூன்று துறையும் பார்க்கும் ஒரே தாளுக்கு வந்தன: வந்த தேதி, இப்போது யார் கையில், எதற்காக நிற்கிறது, எந்தத் தேதிக்குள் முடியும். தேதி இல்லாத "நான் பார்த்துக்கறேன்" பதிலாக ஏற்கப்படவில்லை. ஒரு துறை சொன்னதை இன்னொரு துறைக்கு அவர் எடுத்துச் செல்வது நிறுத்தப்பட்டு, வாரம் இருமுறை மூன்று துறையினரும் நேரில் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். குறிப்பிட்ட வரம்புக்குள் டெபிட் நோட் போடும் அதிகாரம் அவருக்கே எழுத்தில் தரப்பட்டது. ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொன்றைச் சொல்பவருக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதைவிடப் பெரிய தடை வேறில்லை.

அதிகாரம் இல்லாதவர்கள் செய்தவை

மேலாளர் அசையும்வரை இளநிலைக் கணக்கர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களில் ஒருவர், வாய்மொழியாகப் பேசிய ஒவ்வொன்றையும் அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பத் தொடங்கியிருந்தார்: "இன்று பேசியபடி, கிடங்கு வரவுச் சீட்டு வியாழக்கிழமைக்குள் உங்களிடமிருந்து வரும் என்று புரிந்துகொண்டேன். மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்." இதில் குற்றச்சாட்டு இல்லை, கோபம் இல்லை, பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று சாதிக்க இடமும் இல்லை. ஆய்வுக்குப் பயன்பட்ட தேதிகளில் பல இந்த அஞ்சல்களிலிருந்தே கிடைத்தன.

முதுநிலைக் கணக்கரிடம் அவர் கையாண்ட வழி வேறு. திட்டு விழும் கணத்தில் விளக்கம் சொல்வதை நிறுத்தினார். "எந்த வரி சார் தப்பு, காட்டுங்க" என்று மட்டும் கேட்பார். கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கியதும் குரல் தானாக இறங்கிவிடும். பில்லைப் பற்றிக் கேட்டால் அந்த மனிதரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். இது எல்லாக் கோபக்காரர்களிடமும் பலிக்காது. அடக்கி ஆள்வதையே விரும்புகிறவரிடம் கேள்வி கேட்பது எண்ணெய் ஊற்றுவதாகலாம். இவருடைய கோபம் பிழையின்மேல் என்பதால் பலித்தது.

இன்னொருவர், அதே பிரிவில் சற்று மூத்தவர், இந்தக் குழப்பத்தில் குளிர்காய்ந்தார் என்பதையும் பதிவு காட்டியது. தன் பிழைகள் வெளிப்பட்ட போதெல்லாம் "அவர் கத்தினதுல பதறிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கெட்டவர் என்று ஊரே ஒப்புக்கொண்ட இடத்தில் மற்றவர்களின் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை.

ஆறு மாதங்களுக்குப் பின்

மாதக் கடைசியில் வரும் பழைய பில்கள் குறைந்தன. முதுநிலைக் கணக்கரின் குரல் உயர்வது அடியோடு நிற்கவில்லை. ஆண்டுக் கணக்கு முடிப்பின்போது ஒருமுறை பழையபடி கத்தினார், மறுநாள் கேள்விகளுக்கென்று ஒதுக்கிய அரைமணி நேரத்தில் வழக்கத்துக்கு மாறாக யாரும் வரவில்லை. அதை அவரே மேலாளரிடம் வந்து சொன்னார். இடமாற்றம் கேட்டிருந்தவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். விலகிச் சென்ற இருவரைத் திரும்ப அழைக்க யாரும் முயலவில்லை. இந்த முழு நிகழ்விலும் நிர்வாகத்தின் மிகப் பெரிய குறை அதுவே என்று கருதுகிறேன். அவர்கள் சொன்ன குறையில் பாதி உண்மை இருந்தது என்று ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம்.

ஒருங்கிணைப்பாளர் பொதுத் தாளில் தேதி எழுதப் பழகிக்கொண்டார், ஆனால் காரணம் எழுத வேண்டிய இடத்தில் "காத்திருக்கிறது" என்ற ஒரே சொல்லை நிரப்பத் தொடங்கினார். யாருக்காக, எதற்காக என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டியிருந்தது. சில மாதங்களில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டார். அவருடைய இனிய பேச்சுக்கு அது ஏற்ற இடம் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். புதிய பிரிவின் தலைவருக்கு மேலாளர் எழுதிய குறிப்பில் நல்ல பண்பாளர் என்று மட்டுமே இருந்தது. நிலுவைகளைத் தேதியோடு எழுத்தில் பெறவும், எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதை முதல் வாரத்திலேயே அவருக்குத் தெளிவாகச் சொல்லவும் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்த்திருந்தால் அது அவரைக் காட்டிக்கொடுத்ததாகாது. அவருக்கும் அது உதவியாகவே இருந்திருக்கும்.